திரையில் இருந்த பெயர்

பத்து மணி ஐந்து நிமிடம். அறவாழி பதினொன்றுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் பதினொன்று என்றால் பதினொன்றுதான், ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்காது, அந்தக் குணத்தால்தானே இவ்வளவும் வந்தது. ஆக ஐம்பத்தைந்து நிமிடம் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பெயரை மாற்ற ஐம்பத்தைந்து நிமிடம் தாராளம். இருபத்தேழு வருஷமாக இயற்பியல் நடத்துகிறவனுக்கு இதுகூடவா தெரியாது. கன்ட்ரோல் பேனலைத் திறந்தாயிற்று. யூசர் அக்கவுன்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் போனால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் முகமில்லாத ஒரு தலை, பக்கத்தில் என் மகள் பெயர். ஞாழல். ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. கீழே நீல நிறத்தில் நாலைந்து வரிகள், அதில் ஒரு வரி பெயரை மாற்று என்கிறது. அந்த வரிமேல் அம்பைக் கொண்டுபோனால் அம்பு கையாகிறது, எடுத்தால் மறுபடி அம்பாகிறது. கை, அம்பு, கை, அம்பு. இதையே ஐந்து நிமிடமாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்றால் என்னைப் பற்றி என்ன சொல்வது. அடுக்களையில் தமயந்தி இஞ்சி பூண்டு நசுக்குகிற சத்தம். "என்னங்க, அறவாழி அண்ணனைச் சாப்பிட்டுத்தான் போகணும்னு சொல்லிட்டீங்கல்ல?" "சொல்லிட்டேன்." சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் சாப்பிடாமல் போனதே கிடையாது, கறிக்குழம்பில் நல்லி எலும்பு அவனுக்கென்று தனியாக எடுத்து வைக்கிற அளவுக்கு இந்த வீட்டு ஆள். அவன் வந்து உட்காரும்போது இந்தப் பெயர் இங்கே இருக்கக் கூடாது.

நேற்று சாயங்காலம் போன் செய்தான். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். "மாப்ள, அந்த மொட்டைக் கடுதாசி இருக்குல்ல, அதைத் தபால்ல போடலயாம்டா, மெயில்ல அனுப்பியிருக்கான். கல்வி ஆபீஸ்ல நம்மகிட்டப் படிச்ச புள்ள ஒண்ணு வேலை பாக்குதுல்ல, அது அந்த ஃபைலை அப்படியே பென் டிரைவ்ல போட்டு யாருக்கும் தெரியாமக் குடுத்துச்சு. அடிச்ச கம்ப்யூட்டர்ல என்ன பேரு இருக்கோ அது ஃபைலுக்குள்ளயே இருக்கும், ப்ராப்பர்ட்டீஸ்ல போய்ப் பாருங்க ஐயான்னு சொன்னுச்சு. எனக்கு அதெல்லாம் எங்க தெரியுது. நாளைக்குக் கொண்டாரேன், நீ பாத்துச் சொல்லு. அப்படியே மெமோவுக்குப் பதிலும் அடிச்சுரலாம்." சரிடா என்றேன். கையில் தமயந்தியின் ஈரப் புடவை, அதைக் கொடியிலிருந்து எடுத்தேனா திரும்பப் போட்டேனா என்று நினைவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். இந்த மேஜையில், இந்த நாற்காலியில், இதே விசைப்பலகையில். கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அழித்துவிட்டேன் என்று நினைத்திருந்த ஃபைலைத் தேடினால் குப்பைத்தொட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. எடுத்து அந்தப் பிள்ளை சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தேன். எழுதியவர்: ஞாழல். கடைசியாகத் திருத்தியவர்: ஞாழல். அதற்குக் கீழே தேதி, நேரம் எல்லாம். மாணவனாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காகப் பதில் எழுதினதற்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. ஞாழல் இரண்டு நாள் லீவில் வந்துவிட்டு ஓசூருக்குத் திரும்புகிறாள், பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன், பஸ் வரவில்லை, வந்தது, ஜன்னலோர இடம் இல்லை என்று அவள் முகம் சுண்டியது, கண்டக்டரிடம் பேசி வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குள் வண்டியை விடும்போது ஒன்பது பன்னிரண்டு. அறவாழி பொறுப்புத் தலைமையாசிரியராகி ஒரு மாதம் ஆகியிருந்தது. வருகைப் பதிவேடு அவன் மேஜையில் விரித்திருந்தது, என் பெயருக்கு நேரே கட்டத்துக்குள் சிவப்பு மையில் ஒரு கோடு. நான் பேனாவைத் திறந்துகொண்டு அவனைப் பார்த்தேன். அவன் தலையைத் தூக்காமல், "சார், ஒன்பது பத்து தாண்டிருச்சு சார்" என்றான். கோடு போகட்டும், கோட்டுக்கு நான் அழவில்லை. சார். ஒரே வாக்கியத்தில் இரண்டு சார். இருபத்து நான்கு வருஷமாக நாங்கள் மாப்ள, டா, போடா லூசு. பிள்ளைகள் முன்னால் மட்டும் சார். அதுவும் ஒரு விளையாட்டு மாதிரிதான், கடைவீதியில் ஏதாவது கேவலமாகப் பேசிக்கொண்டு போவோம், தூரத்தில் சைக்கிளில் நம் பள்ளிப் பிள்ளை ஒன்று தெரிந்ததும் "அப்படிங்களா சார், நாளைக்குப் பாத்துரலாம் சார்" என்று குரல் மாறும். பின்னால் வருகிற தமயந்தி, "எந்தப் புள்ள வருது?" என்று தெருவைத் தேடுவாள். ஒரு தடவைகூட அவள் கணக்கு தப்பினதில்லை, சார் என்று காதில் விழுந்தால் எங்கோ ஒரு பிள்ளை நிற்கும். அன்றைக்கு அந்த அறையில் பிள்ளை யாரும் இல்லை. அலுவலக உதவியாளர் ஒருவர், புதிதாகச் சேர்ந்த இரண்டு டீச்சர்கள். அந்த டீச்சர்கள் என் காலைப் பார்த்தார்கள், ஏனோ காலைப் பார்த்தார்கள். பாப்பாவை பஸ் ஏத்திவிட்டு வர்றேன்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கோட்டை அழித்திருக்க மாட்டான், ஆனால் சீட் கிடைச்சுதா என்று கேட்டிருப்பான். நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன், அன்று ஒன்பதாம் வகுப்பில் காரணமே இல்லாமல் நாலு பேரை நிற்க வைத்தேன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்துவிட்டேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இருந்தது, ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு ஜாக்கிரதை! அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பிரின்ட் எடுக்கவில்லை, ஏனென்றால் என் பிரின்டரில் எந்தத் தாள் எடுத்தாலும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கருங்கோடு விழும், பள்ளிக்கூடத்து வினாத்தாள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு உண்டு, பத்தாம் வகுப்புப் பையன்கள்கூட அதற்குக் குணசீலன் கோடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் கல்வி அலுவலகத்துக்கு மெயில். உண்மை விளம்பி என்று புதிதாக ஒரு மெயில் முகவரி. நான் எழுதினது மாதிரி இருக்கக் கூடாது என்று வேண்டுமென்றே நாலு இடத்தில் பிழை விட்டேன். கீழே, மனம் நொந்த பெற்றோர் என்று போட்டேன். விஷயம் பொய் இல்லை, அதுதான் இதில் கொடுமை. போன வருஷம் மூன்று வெள்ளிக்கிழமை, காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியத்துக்கு மேல் அறவாழி பட்டிமன்றம் பேசக் கிளம்பிப் போனான். திருவிழாப் பட்டிமன்றம், அவன் போகாவிட்டால் ஒரு அணியே இல்லை. மூன்று தேதியையும் எழுதினேன். அந்த மூன்று மதியமும் அவன் வகுப்பை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் எழுதவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டேன். "மாப்ள, செய்யுளை மூணு தடவை சத்தமாப் படிக்க விடு, போதும்" என்று சொல்லிவிட்டுப் போவான். நான் படிக்க விடுவேன், இருபது நிமிடத்தில் எனக்குக் கொட்டாவி வரும், புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு மழைபெய்த ரோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி ஏன் வழுக்குகிறது என்று நடத்துவேன். திங்கட்கிழமை அவன் வந்து, என் வகுப்புல உராய்வு விசை நடத்தினியாமே என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அந்த மதியங்கள் எனக்குப் பிடித்திருந்தன. பிடித்த மதியங்களைத்தான் தேதி போட்டு அனுப்பினேன்.

கூப்பிட்டு நாலு திட்டு திட்டுவார்கள், அவனும் சார் சார் என்று நிற்பான், எனக்கு நடந்தது அவனுக்கும் நடக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து அவனிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அடுத்த மே மாதம் அவனுக்கு ஓய்வு. இது முடியாமல் நிலுவையில் நின்றால் ஓய்வு பெறுகிற நாளில் அனுப்ப மாட்டார்கள், நிறுத்தி வைத்துவிடுவார்கள், மாலையும் கிடையாது ஒன்றும் கிடையாது, அந்தப் பயத்தில் அவன் மீசை ஒரே மாதத்தில் நரைத்துவிட்டது போல எனக்குத் தெரிகிறது. நடுவில் ஒரு நாள் பதிவேட்டைப் பார்த்தேன். வண்டி பஞ்சராகி அவனே ஒருநாள் தாமதமாக வந்திருக்கிறான், தன் பெயருக்கு நேரே தானே சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான், என் கோட்டைவிடக் கொஞ்சம் தடிமனாக. அதைப் பார்த்தபோது மெயில் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. போன மெயிலைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்று அன்று ராகவேந்திரா பேக்கரி வாசலில் நின்று போனில் தேடினேன், டீ ஆறிப்போனது.

பத்து இருபத்திரண்டு. சரி, மாற்று. வரியைத் தட்டினேன், பெட்டி வந்தது, புதுப் பெயரை எழுது என்கிறது. எழுது என்றால் என்ன எழுத. குணசீலன் என்று போட்டால் அதைவிட முட்டாள்தனம் உண்டா. தமயந்தி என்று போட்டால் அவளை ஏன் இதற்குள் இழுக்க வேண்டும். நான் இழுத்திருப்பது என் மகளை. அவளுக்கு இது எதுவுமே தெரியாது, ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை பத்தரை வரை தூங்குவாள். இந்தப் பெயர் ஊரில் இன்னொருத்திக்கு இருந்தாலாவது தப்பித்துக்கொள்ளலாம், மாநிலத்தில் தேடினாலும் இருக்காது. வைத்தவன் அறவாழி. பிறந்த பதினோராம் நாள் ஒரு தாளில் பன்னிரண்டு பெயர் எழுதிக்கொண்டு வந்தான், தமயந்தி ஹர்ஷினி என்று வைக்க ஆசைப்பட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், அவன் அந்தத் தாளைக் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் பிடித்தான், குழந்தை விரல் எந்தப் பெயரில் பட்டதோ அதையே வைக்கலாம் என்றான். விரல் தாளில் பட்டதா இவன் தாளை நகர்த்தினானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஞாழல் என்றால் கடுகு மாதிரிச் சின்னப் பூவாம், கடற்கரையில் பூக்குமாம், நான் பார்த்ததில்லை. ஆறாம் வகுப்பில் அவள் அழுதுகொண்டு வந்தாள், எல்லாரும் நாழல் நாழல் என்கிறார்கள் என்று. "பெரியப்பா, எனக்கு மட்டும் ஏன் இந்தப் பேரு வச்சீங்க?" அவன் சொன்னான், "வேற பேரு வச்சா, கூப்பிட்டதும் வகுப்புல நாலு பேரு திரும்பிப் பாப்பாங்கம்மா. உன் பேரைக் கூப்பிட்டா நீ மட்டும்தான் திரும்புவ." சொன்னவன் இன்று அதே பெயரைப் பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறான். திறந்தால் ஒருத்தி மட்டும்தான் திரும்புவாள்.

ஹோம் என்று அடித்தேன். வீடு, அவ்வளவுதான், யாருக்கும் உறுத்தாத பெயர். கீழே பொத்தானை அழுத்தினேன். நாலு விநாடி ஆகியிருக்காது, வட்டத்துக்குப் பக்கத்தில் ஞாழல் போய் ஹோம் வந்துவிட்டது. நிச்சயமா என்றுகூடக் கேட்கவில்லை. அப்பாடா. நான் நினைத்திருந்தது இப்படி: இங்கே பெயரை மாற்றினால் இந்தக் கம்ப்யூட்டரில் பிறந்த எல்லா ஃபைலிலும் பெயர் மாறிவிடும், பென் டிரைவில் வருவதும் இதற்குள் நுழைந்ததும் வீட்டு ஆள் மாதிரி ஹோம் என்று காட்டும். குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். எழுதியவர்: ஞாழல். மூடித் திறந்தேன். ஞாழல். சி டிரைவுக்குள் போய்ப் பார்த்தால் அங்கே எங்கள் எல்லாப் படமும் பாடமும் இருக்கிற பெரிய ஃபோல்டரின் பெயரும் அப்படியே ஞாழல். வாசலில் போர்டு மாறியிருக்கிறது, உள்ளே ஒரு மண்ணும் மாறவில்லை. பத்து முப்பத்தெட்டு. முதுகில் வியர்வை ஓடுகிறது, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இருபத்தேழு வருஷம் இயற்பியல் நடத்தினவன் கொஞ்சம் யோசித்திருக்கலாம், எழுதின அன்று ஒட்டினது எழுதின அன்றே ஒட்டினதுதான், இன்றைக்குச் சட்டையை மாற்றிக்கொண்டால் அன்றைக்கு எடுத்த போட்டோவில் சட்டை மாறுமா. குழம்பு கொதிக்கிற வாசனை வருகிறது.

ஆனால் அதே பெட்டியில் கீழே இன்னொரு வரி இருக்கிறது. சொந்த விவரங்களை நீக்கு. அதை அழுத்திப் பார்த்தேன், எழுதியவர் என்ற இடம் காலியாகிவிட்டது. அட, இவ்வளவுதானா. அப்படியென்றால் அவன் பென் டிரைவைக் கொடுத்ததும், நீ ஹால்ல உக்காந்து காப்பி குடிடா, இது கொஞ்சம் நேரமாகும் என்று சொல்லி அரை நிமிடத்தில் துடைத்துவிட்டு, ஒண்ணும் இல்ல மாப்ள, விவரமான ஆளா இருக்கான், அழிச்சுட்டு அனுப்பியிருக்கான் என்று சொல்லலாம். அதைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்க்கிற மாதிரி மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். விவரமான ஆளா இருக்கான். நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம்தான் உறைத்தது, வாசல் போர்டை நான் வேலைமெனக்கெட்டுக் கழற்றி வைத்திருக்கிறேன். அவன் வந்தால் முதல் வேலையாக இந்தத் திரையைத்தான் பார்ப்பான். பாப்பா பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் இதை வாங்கினபோது பெயர் கேட்டது, நகருடா என்று என்னைத் தள்ளிவிட்டு ஒற்றை விரலால் ஏழு எழுத்தையும் அவன்தான் தேடித் தேடி அடித்தான். அன்றிலிருந்து எப்போது வந்தாலும் பொத்தானை அவன்தான் அழுத்த வேண்டும், திரையில் பெயர் வந்ததும் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் "ஞாழல்!" என்று சத்தமாகப் படிப்பான், வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் பாப்பா "உள்ளேன் ஐயா" என்று கத்துவாள். அவள் ஓசூர் போன பிறகு தமயந்தி அடுக்களையிலிருந்து சொல்வாள், அவள் கோவிலுக்குப் போயிருந்தால் நான் சொல்வேன். ஆக மாற்றினதை மாற்ற வேண்டும். பத்து நாற்பத்தொன்பது. மறுபடி அந்த நீல வரி, மறுபடி அந்தப் பெட்டி, முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து, மூன்றாவது எழுத்தை அழுத்தினேன், திரை கறுத்தது. மேலே விசிறி மெதுவாகி நின்றது. "கரன்டு போச்சு!" என்றாள் தமயந்தி, எனக்குத் தெரியாது போல. யூ.பி.எஸ். பேட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டு வந்தேன். கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

பதினொன்றுக்கு அவன் வண்டிச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "என்ன மாப்ள, உன் வீட்டுல மட்டுமா, தெருவுக்கேவா?" என்றான். தெருவுக்கே என்றேன். நேராக இந்த அறைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான், நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். சிவப்பு நிறம், சுண்டுவிரல் அளவு, கயிறு கட்டியிருந்தது. நாளிதழை மடித்து விசிறிக்கொண்டே பேசினான். "யாரா இருக்கும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்டா. பி.டி. வாத்தியாரோன்னு நெனச்சேன், அந்தாளுக்கு ஒரு வரி ஒழுங்கா எழுத வராது. மூணு தேதியும் சரியாப் போட்டிருக்கான் மாப்ள. அது எனக்கே நெனவு இல்ல. உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? நீ வகுப்புக் குறிச்சு வைக்கிற டைரியை எவனோ பாத்திருக்கான், நான் சொல்றேன் பாரு, ஸ்டாஃப் ரூம்ல டைரியத் தொறந்து போட்டுட்டுப் போற வழக்கத்தை விடு." விடறேன்டா என்றேன். என்னைச் சந்தேகிக்கவே தெரியாமல் என்னிடமே வந்து உட்கார்ந்திருக்கிறான், அவனைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வந்தது, இவ்வளவு தேதியும் கையில் இருக்கிறது, கண் எதிரே ஆள் இருக்கிறது, கூட்டிப் பார்க்கக்கூடாதா இந்த மனுஷன். சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை வாயைத் திறந்தேன். இப்போது சொன்னால் இருட்டில் சொன்ன மாதிரி இருக்கும், கரன்ட் வரட்டும் என்று நினைத்தேன். பகல் பதினொன்று, ஜன்னல் வழியாக வெயில் கொட்டுகிறது, இருட்டு எங்கே இருக்கிறது. தமயந்தி காப்பி கொண்டுவந்தாள். "ஹால்ல காத்து வரும், அங்க உக்காந்து குடிக்கலாம்டா" என்றேன். "இங்கயே இருக்கட்டும்" என்றான்.

பதினொன்று இருபதுக்கு விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. நான் எழுவதற்குள் அவன் குனிந்து பொத்தானை அழுத்திவிட்டான். "ஒரு நிமிஷம்டா, நான் பாக்கறேன், நீ எந்திரி" என்றேன், அவன் கையை ஆட்டி உட்கார் என்றான். திரை வெளுத்தது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. அவன் முதுகை நிமிர்த்திக்கொண்டு தொண்டையைச் செருமினான், கூப்பிடத் தயாராக. அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது, பதில் சொல்லத் தயாராக. வட்டத்துக்குள் அந்த முகமில்லாத தலை வந்தது, கீழே பெரிய எழுத்தில் ஹோம். அவன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. "பாப்பா பேரு எங்கடா?" "அப்டேட் ஆச்சு. தானாவே போயிருச்சு." "எப்ப?" "இப்பத்தான். ரெண்டு மூணு நாளா." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான், பிறகு விசைப்பலகைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிவப்புப் பொருளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். தமிழ் வாத்தியார்தான், ஆனால் கூட்டத் தெரியாதவன் இல்லை. நான் கணக்குப் போட்டு வைத்திருந்த காப்பி, ஹால், அரை நிமிடம், விவரமான ஆள், எதற்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. அந்தப் பெயரை நான் தொடாமல் விட்டிருந்தால் அவன் சத்தம்போட்டுப் படித்திருப்பான், தமயந்தி உள்ளேன் ஐயா என்றிருப்பாள், அவன் சிரித்துக்கொண்டே என் கையில் பென் டிரைவைக் கொடுத்திருப்பான். அவன் பென் டிரைவை எடுத்தான். கயிற்றை அதன்மேல் மெதுவாகச் சுற்றினான், நாலு சுற்று. சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டினான். அந்தப் பொத்தானை அவன் மாட்டி நான் பார்த்ததே இல்லை.

எழுந்து நாற்காலியை என் பக்கம் திருப்பி வைத்தான். "பதிலை மட்டும் அடிச்சுக் குடுத்துருங்க" என்றான். நான் உட்கார்ந்தேன். அறவாழி என்றேன், என்னமோ பேச ஆரம்பித்தேன், அவன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டான், பட்டிமன்றத்தில் பேசுகிற குரல் இல்லை, வகுப்பில் பேசுகிற குரலும் இல்லை. பார்வையில் கண்ட குறிப்பாணைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கும் விளக்கம். அடித்தேன். புகாரில் கண்டுள்ள மூன்று நாட்களிலும் பிற்பகலில் நான் பள்ளியில் இல்லை என்பது உண்மை. அடித்தேன். அடுத்து மெமோவில் ஒரு கேள்வி இருக்கிறது, அந்த நேரத்தில் உமது வகுப்புகளை யார் கவனித்தார்கள் என்று. என் பெயரைச் சொன்னால் அவனுக்குப் பாதி கனம் குறையும், வகுப்பை விட்டுவிட்டு ஓடினவன் ஆக மாட்டான், ஏற்பாடு செய்துவிட்டுப் போனவன் ஆவான். மீதிப் பாதி என் தலையில் வரும். வரட்டும், அதைச் சொல்லட்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை வந்தது, அவன் வாயிலிருந்து ஒரு தடவை என் பெயர் வந்தால் போதும். "அந்நேரங்களில் என் வகுப்புகளை யாரும் கவனிக்கவில்லை" என்றான். என் கை நின்றது. "நான்தானடா பாத்தேன். போடுறேன், என் பேரைப் போடுறேன்." "யாரும் கவனிக்கவில்லைன்னு அடிங்க." "டேய் அறவாழி." "அடிங்க." அடித்தேன். பிரின்டர் தாளை இழுத்துத் துப்பியது, இடது ஓரத்தில் கோடு. அவன் அந்தக் கோட்டை விரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை தடவிப் பார்த்தான், கையெழுத்துப் போட்டான், மூன்றாக மடித்தான்.

ஹாலில் தமயந்தி தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, எங்க கெளம்பிட்டீங்க? நல்லி எடுத்து வச்சிருக்கேன்." "வயிறு ஒரு மாதிரி இருக்கும்மா. இன்னொரு நாளைக்கு. பாப்பாவைக் கேட்டேன்னு சொல்லு." அவளிடம் அம்மா வந்தது, பாப்பா வந்தது. அடுப்பில் வைத்தது தீய்கிறது என்று அவள் உள்ளே ஓடினாள். அவன் செருப்பை மாட்டினான், வண்டியின் சைடு ஸ்டாண்டைத் தட்டினான். நான் படியில் நின்றேன். மன்னிச்சுக்கடா என்று சொல்ல வேண்டும், அதைத்தான் சொல்ல வேண்டும். அவன் வண்டியில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, என்னைப் பார்த்தான். "வர்றேன் சார்" என்றான்.

வண்டி திருப்பத்தில் மறைந்தது. அடுக்களைக்குள்ளிருந்து தமயந்தி, "எந்தப் புள்ள வருது?" என்று கேட்டாள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை.